நாற்காலி விடுபட்ட வீடு

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொண்டது. உங்கள் முழங்கால் இப்போது மாடிப்படி ஏற விடுகிறதா? அக்காவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்றா? இங்கே உங்கள் தங்கை நன்றாக இருக்கிறாள், முன்பைவிட நன்றாகவே இருக்கிறாள், விஷயமே அதில்தான் இருக்கிறது. அறுபத்து மூன்று வயதில் மாப்பிள்ளை உட்கார்ந்துகொண்டு மச்சானுக்குப் புகார் எழுதுவது அழகில்லை என்று எனக்கே தெரிகிறது. ஆனால் முப்பத்தாறு வருடத்தில் உங்கள் தங்கையைப் பற்றி உங்களிடம் நான் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை (ஒரே ஒரு முறை சொன்னேன், அதுவும் நீங்களாகக் கேட்டதால்) என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். உங்கள் தங்கை ஒரு கதை எழுதியிருக்கிறாள். அதில் எங்கள் வீடு இருக்கிறது, வாசல் கதவிலிருந்து விரிசல் விட்ட மூன்றாவது டைல்ஸ் வரைக்கும் இருக்கிறது. நான் மட்டும் இல்லை. நான் உட்காருகிற நாற்காலிகூட இல்லை. அந்தக் கதை திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை வந்து, பட்டும் படாமலும் அவளிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம்தான், ஆனால் உங்கள் தங்கையின் காது எப்படிப்பட்டது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

எல்லாம் எங்கள் தெரு நூலகத்தில் ஆரம்பித்தது. நாலு மாதத்துக்கு முன்னால், சனிக்கிழமை மாலைகளில் கதை வகுப்பு நடக்கும் என்று வாசலில் ஒரு அட்டை தொங்கவிட்டார்கள். உங்கள் தங்கை போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். மழைக்காலமாயிற்றே, குடை பிடிக்க ஒரு ஆள் வேண்டாமா என்று நானும் கூடப் போனேன். பெயர் கொடுக்காமலே கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வகுப்பு எடுப்பவர் எங்கள் மகள் வயதுப் பெண், எல்லோரும் கதை டீச்சர் என்கிறோம். விடை சொல்லாமல் கேள்வி கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்துவிடுகிற ரகம். முதல் நாளே கதைக்களம் என்று பலகையில் எழுதிவிட்டு, "கதை எங்க நடக்குதுன்னு கேட்டுட்டு நிறுத்திடாதீங்க. அந்த இடம் கதையில என்ன வேலை செய்யுதுன்னு கேளுங்க. இதே கதையத் தூக்கிக்கிட்டுப் போய் வேற வீட்டுல வெச்சா எது உடையும்? எதைச் சொல்லியிருக்காங்க, எதைச் சொல்லாம விட்டிருக்காங்க?" என்றார். மச்சான், முப்பத்து நாலு வருடம் கட்டட அனுமதிப் பிரிவில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன் நான். விடுபட்டது என்ன என்று பார்த்துத்தானே சம்பளம் வாங்கினேன்! தூக்கக் கலக்கத்தில் இருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுப் பாடமாக ஒரு கதை கொடுத்தார். ஒரு மாடி அறையில் தனியாக இருக்கும் குமாஸ்தா, வராத கடிதத்துக்காகக் காத்திருக்கிறார், அவ்வளவுதான் கதை. மற்றவர்கள் படித்துவிட்டு வந்தார்கள், நான் பிளான் போட்டுக்கொண்டு வந்தேன். போட்டுப் பார்த்தபோதுதான் கூத்து தெரிந்தது. அந்த ஆள் குளியலறைக் கதவைத் திறந்தால் நேராக மாடிப்படியில்தான் விழ வேண்டும். அதுகூடப் போகட்டும், காலை வெயிலும் சாயங்கால வெயிலும் ஒரே சுவரில் விழுகின்றன. சுருட்டிக்கொண்டு போய் வகுப்பில் விரித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் குனிந்து பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சூரியன் தப்பு சார், ஒத்துக்கறேன். ஆனா ரெண்டு வேளையும் அந்தச் சுவத்துல வெயில் விழணும்னு எழுதினவருக்கு ஏன் தோணிச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்வி ஒரு வாரம் என்னைப் பிடித்து ஆட்டியது. வியாழக்கிழமை காலை முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது சட்டென்று பிடிபட்டது. அந்தச் சுவரில்தான் கடிதம் செருகுகிற கம்பி தொங்குகிறது, காலிக் கம்பி! கடிதம் வராத ஆளுக்குக் காலையிலும் மாலையிலும் கண் வேறு எங்கே போகும்? சோப்பு நுரையோடு சமையலறைக்கு ஓடி உங்கள் தங்கையிடம் சொன்னேன். "மொதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வாங்க" என்றாள். ஆனால் அந்த வாரம் வகுப்பில் அதை நான் எழுந்து சொன்னபோது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், பெருமையாகத்தான் பார்த்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு எனக்கு இது ஒரு பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது. ஒரே இடத்தை நாலு பேர் எப்படிச் சொல்வார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டு, எங்கள் ஹாலைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். கீழ்வீட்டுத் தையல்காரர் பத்து வருடமாக எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவர். "உங்க ஹாலா சார்? வெளிச்சம் பத்தாது. ஊசி கோக்க முடியாது" என்றார். சோபா என்ன நிறம் என்றேன், தெரியவில்லை. சோபாவின் உறை ஓரத்தில் தையல் பிரிந்திருப்பது தெரிந்திருக்கிறது. குழாய் ரிப்பேருக்கு வந்தவரைக் கேட்டேன். "ஹாலை நான் எங்க சார் பாத்தேன், மேல் மூலையில ஓதம் இருக்குது, அது மாடித் தொட்டி லீக்கு" என்றார். பதினோரு வருடமாக வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகளைப் போனில் கேட்டேன். அவள், "ஹால்னா என்னப்பா, வாசல் கதவுக்குப் பக்கத்துல நீங்க காலை நீட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பீங்க. உங்க காலைத் தாண்டித்தான் யாரும் உள்ள வரணும், வெளிய போகணும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். கவனித்தீர்களா மச்சான், மகளுடைய ஹாலில் நான் இருக்கிறேன். காலோடு இருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பு முடியும்போது ஆளுக்கொரு கதை எழுதிக் கொடுக்க வேண்டும், நூலகத்தின் ஆண்டு மலரில் போடுவார்கள் என்றார்கள். உங்கள் தங்கை மூன்று வாரம் எழுதினாள். நான் காலையில் நடக்கப் போகும்போது நோட்டை எடுத்தால், நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டவுடன் மூடிவிடுவாள். "என்ன எழுதறே?" என்றால், "அச்சுல வந்ததும் படிங்க" என்பாள். நானும் பெருந்தன்மையாக இருந்தேன். போன செவ்வாய்க்கிழமை அவள் பல் டாக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்து, பிழை திருத்துவதற்காக டீச்சர் கொடுத்துவிட்டுப் போன அச்சுத்தாள்களைத் தையல்காரர் மேலே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். பிழை திருத்தம் என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பிழை என்று எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு படிக்காமல் இருக்க என்னால் ஆகுமா? நீங்களே சொல்லுங்கள்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் மகள் முதல்முதலாக வேலைக்குக் கிளம்பிப்போன காலைதான் கதை. 'நான்' என்று ஒரு இடத்தில்கூட வரவில்லை. ஒரு வீடு, ஒரு அம்மா, ஒரு மகள், ஒரு பெட்டி. அம்மா சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடந்துகொண்டே இருக்கிறாள். மகள் வாசலில் நின்று செருப்பு மாட்டுகிறாள், போகிறாள். அம்மா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்துக்குள்ளே அழுகிறாள். படித்து முடித்ததும் எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது, அதை மறைக்கவில்லை. பிறகு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. நான் எங்கே? அன்று காலை நான் ஊரில்தான் இருந்தேன், வீட்டில்தான் இருந்தேன், விடுப்பு எடுத்துக்கொண்டு என் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒருவேளை வேறு வீடோ என்னமோ என்று டேப்பை எடுத்து அளந்தேன். ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று சமையலறை வாசற்காலை அளந்துகொண்டிருக்கும்போது உங்கள் தங்கை ஒரு பக்கக் கன்னம் வீங்கி வந்து நின்றாள். "ஏங்க, கிச்சனை எதுக்கு அளக்கறீங்க?" "சும்மாதான்." "சும்மா யாராவது ஸ்டூல் போட்டு அளப்பாங்களா?" பல் வலியில் அவளால் அதற்குமேல் பேச முடியவில்லை, நான் பிழைத்தேன். அச்சுத்தாளை மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் போல நடக்கப் போய்விட்டேன்.

எங்கள் வீடேதான் மச்சான், அங்குலம் பிசகவில்லை. ஆனால் பிளானாகப் பார்த்தால் இத்தனை ஓட்டை உள்ள பிளானை நான் கண்டதில்லை. சமையலறையில் பாதிதான் இருக்கிறது! குழாய், தொட்டி, அடுப்பில் ஒரு பக்கம், அத்தோடு சரி. மிக்சி, அலமாரி, பின்ஜன்னல் எல்லாம் காணாமல் போய்விட்டன. முப்பத்தாறு வருடம் சமையலறையில் நின்றவளுக்கு அவளுடைய அலமாரி ஞாபகம் இல்லையா? படுக்கையறையில் கட்டிலின் கால்மாடும் பெட்டியும் மட்டும் இருக்கின்றன. மகள் இடது பக்கம் நகர்ந்தால் ஆளே மறைந்துவிடுகிறாள், அந்தப் பக்கம் வீடே இல்லாத மாதிரி. அதைவிட அதிசயம், செருப்பு மாட்டக் குனிந்த மகளின் வகிடு கோணலாக இருந்தது என்று எழுதியிருக்கிறாள். சமையலறையில் நிற்கிறவளுக்குப் பதினெட்டு அடிக்கு அப்பால் வாசலில் குனிகிற பெண்ணின் வகிடு எப்படித் தெரியும்? எல்லாவற்றுக்கும் மேலாக, அழுகிற அம்மாவின் முகத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. முதுகைத்தான் எழுதியிருக்கிறாள், ரவிக்கையின் முதுகில் வியர்வை படர்ந்ததையும் தோள்கள் ஏறி இறங்கியதையும். தன் முதுகைத் தானே பார்த்த மனுஷி உலகத்தில் உண்டா? இத்தனையும் கற்பனையாகச் சேர்க்கத் தெரிந்தவளுக்குப் புருஷனுக்கு ஒரு நாற்காலி போட இடம் இல்லாமல் போய்விட்டது.

பொறுக்க முடியாமல் புதன்கிழமை நூலகப் படியில் டீச்சரைப் பிடித்துக்கொண்டேன். நாற்காலி விஷயத்தைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் பிழைகளை மட்டும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "இவ்வளவு கவனமா யாருமே படிக்கல சார். சரி, அதெல்லாம் எங்கேருந்து பாத்தா தெரியும்?" என்று கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார். என்னைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்தக் கோபத்தில்தான் ஒரு தப்புக் காரியம் செய்துவிட்டேன் மச்சான், யாரிடமும் சொல்லாதீர்கள். சிவப்புப் பேனாவை எடுத்து, அச்சுத்தாளின் ஓரத்தில், ஆபீசில் எழுதுகிற மாதிரி அழகான எழுத்தில், "விடுபட்டது: வாசல் கதவுக்கு இடப்புறம், ஜன்னலை ஒட்டி நாற்காலி ஒன்று, அதில் குடும்பத் தலைவர்" என்று எழுதி அம்புக்குறி போட்டுவிட்டேன். உங்கள் தங்கை இன்னும் தாளைப் புரட்டவில்லை. பல் சரியாகட்டும் என்றிருக்கிறாள். நேற்றும் முந்தாநேற்றும் நான் சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன், நாற்காலி காலியாகவே கிடந்தது, ஏன் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குக் கோபம் இல்லை மச்சான். கோபமாக இருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று பார் என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தாரே, அப்படிப் பார்த்தால் இந்தக் கதையில் சொல்லாமல் விட்டது என்னைத்தான். வாழ்க்கையில் முக்கியமான ஒரு காலையை நினைத்துப் பார்க்கும்போது, அந்த வீட்டில் நான் இருந்ததே அவள் கண்ணில் படவில்லையா? அல்லது பட்டும் வேண்டாம் என்று விட்டாளா? இந்த இரண்டில் எது என்று தெரிந்தால் போதும். நான் கேட்டால் சிரிப்பாள், நீங்கள் கேட்டால் பதில் சொல்வாள், சின்ன வயதிலிருந்தே உங்களிடம் அவளுக்கு ஒரு பயம் உண்டு. நான் எழுதினேன் என்று மட்டும் காட்டிக்கொள்ள வேண்டாம். இந்தப் பக்கம் வேறு வேலையாக வந்தேன் என்று சொல்லுங்கள். நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள, கதைப்படி எங்கள் வீட்டுப் பிளானைப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசி, எல்லோரும் குறையில்லாமல் இருக்க வேண்டும். முழங்காலுக்குப் போடும் தைலத்தைப் பஸ்ஸில் மறந்துவிடாமல் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள்.

என்றும் உங்கள் மரியாதைக்குக் கட்டுப்பட்ட,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் கை வலிக்க எழுதியது. தவிர, ஆபீசில் நாங்கள் எதையும் கிழிப்பதில்லை, ரத்து என்று எழுதிக் கோப்பில் வைப்போம். ரத்து.

உங்களுக்கு அனுப்பும் பிளானைச் சுத்தமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். சமையலறையில் எதுவரைக்கும் எழுதியிருக்கிறாள் என்று உங்களுக்கு விளங்க வேண்டுமே என்று, குழாயிலிருந்து வாசற்கால் ஓரமாக ஒரு புள்ளிக்கோடு இழுத்தேன். அடுப்பின் தெரிகிற பக்கத்திலிருந்து ஒரு கோடு. கட்டில் கால்மாட்டிலிருந்து படுக்கையறைக் கதவோரமாக ஒரு கோடு. எல்லாம் ஹாலுக்குள் வந்து ஒரே புள்ளியில் சேர்ந்தன. கை நடுங்கியிருக்கும் என்று புதுத் தாளில் மறுபடி போட்டேன், அங்கேயேதான் சேர்ந்தன. வாசல் கதவுக்கு இடப்புறம், ஜன்னலை ஒட்டி. செருப்பு மாட்டக் குனிகிறவளின் வகிடு அங்கிருந்து இரண்டடி தூரம். நாற்காலி கதையில் விடுபடவில்லை மச்சான். கதை முழுவதையும் அந்த நாற்காலியிலிருந்துதான் பார்த்திருக்கிறாள்.

பென்சிலை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அச்சுத்தாளைத் தூக்கிக்கொண்டு உங்கள் தங்கை வந்து நின்றாள்.

"இந்தச் சிவப்பு மையில எழுதினது யாரு?"

"பிழை திருத்தினேன்."

"குடும்பத் தலைவராம்!" என்று வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மேஜைமேல் இருந்த பிளானைப் பார்த்தாள். ஒரு கோட்டை விரலால் தடவிக்கொண்டே வந்து புள்ளியில் நிறுத்தினாள்.

"அன்னிக்கு அவ கிளம்பினப்போ நீங்க எழுந்திருக்கவே இல்ல. இந்த மனுஷனுக்குக் கல் நெஞ்சுன்னு நெனச்சேன். பதினோரு வருஷமா நெனச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். தெரிஞ்ச வீட்டையே நீங்க உட்காராத இடத்துல உட்கார்ந்து எழுதிப் பாருங்கன்னு டீச்சர் என்கிட்ட மட்டும் தனியாச் சொன்னாங்க. நீங்க நடக்கப் போனதும் போய் அதுல உட்கார்ந்தேன்."

"ம்."

"அங்கேருந்து குழாய்கிட்ட நிக்கிறவ முதுகு முழுசாத் தெரியுதுங்க. அது எனக்குத் தெரியாது. நான் அழுதது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் வரல?"

அந்த நாற்காலிக்கும் குழாய்க்கும் நடுவில் பதினாறு அடி. செவ்வாய்க்கிழமைதான் அளந்தேன். அதைச் சொல்லவா முடியும்?

"வந்திருக்கணும்" என்றேன்.

"ஆமா, வந்திருக்கணும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. என் பேனாவையே வாங்கி நான் எழுதியதை அடித்தாள். "அங்க உட்கார்ந்திருக்கிற ஆளுக்குத் தன்னைத் தெரியாது. அது அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். வந்தே தீருவேன் என்றால் தங்கையைப் பார்க்க வந்தேன் என்று வாருங்கள், கேள்வி எதுவும் வேண்டாம். இன்னும் நாலு வரி எழுதத்தான் நினைத்தேன். உங்கள் தங்கை குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறாள், நாற்காலியிலிருந்து பார்க்கிறேன், தோள் குலுங்குகிறது. பல் வலியாகவும் இருக்கலாம். எழுந்து போய்ப் பார்க்கிறேன்.